கானல் என்னும் தோட்டம்

கடலை அடுத்த மணற்பரப்பில் கொடியும் புதரும் மரமும் ஒன்றையொன்று அணைத்து வளர்ந்து நிழல் தரும் இடத்துக்குத் தமிழில் கானல் என்று பெயர். இன்று அந்தச் சொல் பெரும்பாலோருக்குக் கானல்நீரை மட்டுமே நினைவூட்டுகிறதென்றாலும், சிலப்பதிகாரத்தில் ஒரு பகுதிக்கே 'கானல்வரி' என்று பெயர் வாய்த்திருப்பதும், புகார் நகரத்துக் கடலாடு விழாவின்போது கோவலனும் மாதவியும் ஒரு புன்னை மரத்தின் நிழலில் ஓவியத் திரைகளைச் சுற்றிலும் கட்டிக்கொண்டு யாழோடு அமர்ந்ததாக இளங்கோவடிகள் வர்ணித்திருப்பதும், நம் முன்னோர் கடற்கரையை வெறும் பாழ்மணலாகக் கண்டதில்லை என்பதற்குப் போதிய சாட்சிகளாகும். ஓரிடத்துக்கு இப்படித் தனிப்பெயர் ஒன்று நிலைக்க வேண்டுமானால், மக்கள் அவ்விடத்தில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி, அதன் செடிகொடிகளை இன்னதற்கு இன்னது உதவும் என்று பிரித்தறிந்திருக்க வேண்டும். அந்த அறிவின் சரித்திரத்தையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அந்த அறிவு இல்லாமல் கடலோரத்தில் குடியேறுகிறவர்கள் செய்யும் பிழையை நானும் செய்திருக்கிறேன். சோழமண்டலக் கரையில் சிற்றூர் ஒன்றில் வீடு கட்டிய புதிதில், வாசலில் படர்ந்து கிடந்த கொடியையெல்லாம் ஆள் வைத்துப் பிடுங்கி எறிந்து, வண்டி வண்டியாகச் செம்மண் அடித்து, ரோஜாவும் செம்பருத்தியும் வாழையும் வைத்தேன். கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்த அன்று அந்த வழியாக மீன்கூடையோடு போன ஒரு முதிய அம்மாள் நின்று பார்த்துவிட்டு, "கொடியில கை வைக்காதீங்க தம்பி, மண்ணு நின்னாத்தானே மரம் நிக்கும்" என்று சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஐப்பசியில் காற்றுத் திரும்பியதும் கடலை நோக்கிய பக்கத்து இலைகள் யாவும் நெருப்பில் வாட்டியவைபோல் ஓரம் கருகின. கார்த்திகைப் புயலில் செம்மண்ணின் மேல் ஒரு முழ உயரத்துக்கு மணல் வந்து ஏறியது. பொங்கலுக்குள் என் தோட்டத்தில் குச்சிகளே மிஞ்சின. பிடுங்காமல் விட்ட வேலி மூலையில் மட்டும் அந்தக் கொடி, வந்து விழுந்த மணலையெல்லாம் தனக்கு உரமாகக் கொண்டதைப்போலப் பச்சைப்பசேலென்று பூத்துக் கிடந்தது. அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொன்னதுதான் கடற்கரைத் தோட்டக்கலையின் முதல் சூத்திரம் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

அந்தக் கொடி அடம்பு. சங்க நூல்கள் அடும்பு என்று வழங்குவது. கடல் அலை எட்டித் தொடும் இடத்துக்கு வெகு சமீபத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. பல முழ நீளத்துக்கு ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் வேர் இறங்குவதால், ஓரிடத்தில் அலை அரித்துக்கொண்டு போனாலும் கொடி மற்ற இடங்களில் நிலைத்து நிற்கிறது. மணல் மூடினால் மூடிய மணலுக்கு மேலே தலைநீட்டி மறுபடியும் வேர்விடுகிறது. காலையில் ஊதாச் சிவப்பில் மலரும் பூ வெயில் ஏறியதும் வாடிவிடும். இலையோ நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவைக் கண்ட குறுந்தொகைப் புலவர் ஒருவர் அதை மானின் குளம்புக்கு ஒப்பிட்டார். பூவைக் குதிரையின் கழுத்து மணிக்கு ஒப்பிட்டார். எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பின், 1753-இல், சுவீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி லின்னேயஸ் இதே கொடிக்கு லத்தீனில் வைத்த பெயருக்கு ஆட்டின் பாதம் என்று பொருள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், ஒரே இலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே உவமையைச் சொல்லியிருப்பது, உற்று நோக்கும் கண்ணுக்குத் தேசமும் காலமும் தடையில்லை என்பதைக் காட்டுகிறது.

அடம்புக்குத் துணையாக நிற்பது இராவணன் மீசை என்று மக்கள் வேடிக்கையாகப் பெயரிட்டழைக்கும் முரட்டுப் புல். ஊசிபோன்ற இலைகளையுடைய இந்தப் புல்லில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடியின் முட்பந்து போன்ற கதிர் முதிர்ந்ததும் முறிந்து, காற்றில் கடற்கரை நெடுக உருண்டோடி விதையைச் சிந்திக்கொண்டே போகும். அடம்பும் இப்புல்லும் பிடித்து நிறுத்திய மணல் மேடாக உயர்ந்த பிறகு, அம்மேட்டின் மறைவில் தாழை வரும். விழுதுகளை ஊன்றுகோல்களாக நட்டுக்கொண்டு நிற்கும் தாழையைக் காட்டிலும் சிறந்த வேலியைக் கடற்கரையில் எவரும் இன்னும் கண்டதில்லை. ஆடும் மாடும் அதன் முள்ளுக்கு அஞ்சும், உப்புக் காற்று அதன் மடல்களில் மோதி வலிமை இழக்கும், அதன் மணமோ பெண்களின் சடையில் ஏறி ஊருக்குள் வரும். அந்தத் தாழையின் மறைவில்தான் புன்னை வருகிறது.

புன்னை அவசரமில்லாத மரம். மெழுகு பூசினாற்போன்ற தடித்த இலைகளில் நெருக்கமான கோடுகள் ஓட, முத்துக்களைக் கோத்தாற்போல் மொட்டு விட்டு, வெள்ளையும் மஞ்சளுமாக மலர்ந்து, மணலின் மேல் பூந்தாது உதிர்க்கும். அதன் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெய் விளக்குக்கு உதவியது. மரக்கலங்களின் இடுக்குகளை அடைக்கவும் உதவியது. மரமோ படகு கட்ட உதவியது. ஆயினும் தமிழன் மனத்தில் இம்மரம் பெற்ற ஸ்தானம் பயனை மட்டும் பற்றியதன்று. நற்றிணையின் 172-ஆம் பாட்டில், தோழிமாரோடு விளையாடியபோது மணலில் புதைத்து மறந்துபோன புன்னை விதை முளைத்துவிட, அதை நெய்யும் பாலும் வார்த்து வளர்த்த பெண்ணிடம், அம்மரம் உனக்கு உடன்பிறந்தாள் முறையாகும் என்று தாய் சொல்லிவைத்ததால், அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவள் நாணுகிறாள். கடற்கரையில் மரம் வளர்ப்பதென்பது ஒரு பிள்ளையை வளர்ப்பதற்குச் சமமான பிரயத்தனம் என்பதை அறிந்தவர்கள் மத்தியிலே மட்டுமே இப்படிப்பட்ட கற்பனை தோன்ற முடியும்.

அந்தப் பிரயத்தனத்தின் முறைகளைக் கீழத்தஞ்சைக் கரையில், வேதாரண்யம் பக்கத்து மணற்பூமியில், மிகத் தெளிவாகக் காணலாம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். ஆகையால் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, சிறிது சிறிதாக இறைத்துக்கொண்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும், பேராசையோடு ஆழத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும். அந்த ஊற்றிலிருந்து குடத்தால் முகந்து ஒவ்வொரு செடிக்கும் வார்த்துத்தான் அங்கே முல்லையும் மாவும் தென்னையும் பூமியைப் பிடித்துக்கொண்டன. வீட்டைச் சுற்றிப் பூவரசம் போத்துக்களை ஊன்றிவிட்டால் அவை தழைத்து வேலியாகும். அந்த வேலியின் மறைவில் தென்னங்கன்று தப்பிப் பிழைக்கும். தென்னையின் நிழலில் பூச்செடி பிழைக்கும். ஒன்றின் மறைவில் மற்றொன்று என்ற இந்த வரிசையே கடற்கரைத் தோட்டக்காரனுடைய சாஸ்திரம் முழுவதும்.

இந்த வரிசைக்குள் அந்நிய நாட்டுச் செடிகளும் காலப்போக்கில் வந்து சேர்ந்தன. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து மேற்குக் கரைக்குக் கொண்டுவந்த முந்திரி, மலையாளத்தில் பறங்கிமாவு என்று தன் பூர்வோத்தரத்தைப் பெயரிலேயே சுமந்துகொண்டு, மணலிலும் செம்மண்ணிலும் தாழப் படர்ந்து, அந்நியம் என்ற நினைவே அற்றுப்போகும்படி நம்முடையதாகிவிட்டது. பின்னர், 1620 முதல் டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768-இல் வந்து சேர்ந்த கோனிக் என்ற வைத்தியர், லின்னேயஸிடம் பயின்றவராதலால், சோழமண்டலக் கரைத் தாவரங்களை முறைப்படி ஆராயும் வழக்கத்தை இங்கே தொடங்கிவைத்தார். அவருக்குப் பின் வந்த ராக்ஸ்பரோ, நம் நாட்டுச் சித்திரக்காரர்களைக் கொண்டு வரைவித்த 300 படங்களோடு இக்கரையின் தாவரங்களைப் பற்றிய பெருநூல் மூன்று பாகங்களாக 1795 முதல் 1820 வரை லண்டனில் வெளியாகும்படி செய்தார்.

ஆனால் கடற்கரைத் தோட்டத்தின் கேள்வியை நேருக்கு நேராகக் கேட்டவர் ஹியூ கிளெக்கார்ன். 1820-இல் சென்னையிலேயே பிறந்து, ஸ்காட்லாந்தில் வைத்தியம் படித்துத் திரும்பிய இவர், சென்னைக் கடற்கரையின் மணலைக் கட்டி நிறுத்தும் செடிகள் எவை என்பதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதினார். மீன்கூடைக்கார அம்மாளின் வாக்கியத்தை ஒரு விஞ்ஞானி தன் பாஷையில் எழுதியதைப்போன்றது அந்த முயற்சி. அவரே 1856-இல் சென்னை ராஜதானியின் காடுகளுக்கு முதல் காவலதிகாரியாக நியமனம் பெற்றார்; அதே வருஷத்தில் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் ரயிலும் ஓடத் தொடங்கியது. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டு சம்பவங்களும் நம் கடற்கரையின் தோற்றத்தையே மாற்றிவிடக் காரணமாயின.

ரயில் எஞ்சின்கள் அந்நாளில் விறகைத் தின்று ஓடின. உள்நாட்டுக் காடுகள் வேகமாக அழிந்துவந்தன. வளர்ந்துவந்த பட்டணத்தின் அடுப்புகளுக்கும் விறகு வேண்டியிருந்தது. அப்போதுதான், ஆஸ்திரேலியாவிலிருந்து தென்கிழக்காசியத் தீவுகள் வரை கடலோரங்களில் இயற்கையாக வளரும் சவுக்கு, நம் கரைக்குப் பெருமளவில் வந்தது. மணலில் வளர இதைப்போல் தகுதி பெற்ற மரம் அரிது. இலை என்று நாம் நினைப்பது மெல்லிய பசுங்குச்சி. உண்மையான இலைகள் அதன் கணுக்களில் சிறு செதில்களாக ஒடுங்கியிருப்பதால் காற்று அதனிடம் பறித்துக்கொள்ளக்கூடிய ஈரம் அற்பமே. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்து மரத்துக்கு ஊட்டுகின்றன. ஆயினும் முதல் சில வருஷங்கள் அதற்கும் ஊற்றுத் தோண்டிக் குடத்தால்தான் நீர் வார்த்தாக வேண்டும். இப்படிக் கூலியாட்களின் தோளில் ஏறி வந்த குடங்களால் உருவானவையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நம் கரையோரத்தில் நெடுகப் பரவிய சவுக்குத் தோப்புகள்.

சவுக்கினால் வந்த நன்மையை மறைப்பது நியாயமாகாது. வேதாரண்யத்துக்கு அருகேயுள்ள நாலுவேதபதி என்ற ஊரார் 2002-இல் ஒரே நாளில் சவுக்கு முதலான 80,244 கன்றுகளை நட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். இரண்டே வருஷங்கள் கழித்து, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது அந்த இளந்தோப்பு அலையின் வேகத்தைத் தாங்கி ஊருக்கு அரணாயிற்று. ஆனால் அதே சுனாமியில் பிச்சாவரத்துச் சதுப்புக் காடுகளும் தமக்குப் பின்னாலிருந்த சிற்றூர்களைக் காத்தன. அவை எவரும் ஒரே நாளில் நட்டவையல்ல. சுனாமிக்குப் பின்னர் அலை தொடும் விளிம்பு வரைக்கும் சவுக்கையே நடத் தொடங்கியபோதுதான் பிழை நேர்ந்தது. அடம்பும் இராவணன் மீசையும் இருக்கவேண்டிய முதல் வரிசையில் சவுக்கு நின்றால், அதன் சருகு மெத்தையின் கீழ் அவை முளைப்பதில்லை. ஆமைகள் வெயில் காயும் திறந்த மணலில் முட்டையிட இடமில்லாமல் போகிறது. தோப்பை வெட்டிய மறுநாளே, பற்றிப்பிடிக்க எதுவுமில்லாத மணல் காற்றோடு போகிறது. சவுக்கு கெட்ட மரமன்று. பின்வரிசையில் நிற்கவேண்டியதை முன்வரிசையில் நிறுத்தினோம். நான் செம்மண் கொட்டி ரோஜா வைத்ததும், அரசாங்கங்கள் அலைவாயில் சவுக்கு வைத்ததும், அளவில் வேறானாலும் குணத்தில் ஒன்றே.

வரிசை குலைந்த கரையிலும் பழைய கானலின் மரம் ஒன்று மிஞ்சியிருக்கிறது: மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் ஸ்தல விருட்சம் புன்னை. திருஞானசம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம் தொடங்குவதே அவ்வூர்க் கடற்கரையின் புன்னைக் கானலைச் சொல்லித்தான். பழைய கோயில் கடலோரத்தில் இருந்ததென்றும், போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்தபின் இப்போதைய கோயில் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டதென்றும் மரபு கூறுகிறது. 1876-இல் தொடங்கிய சென்னைத் துறைமுக வேலையால் தெற்கே மணல் சேர்ந்து, கடலும் அங்கிருந்து இன்னும் விலகிப்போயிற்று. கோயில் இடம் பெயர்ந்தது, கடல் பின்வாங்கியது, கானல் தெருவாயிற்று. ஆயினும் கடற்கரைக்குரிய அந்தப் புன்னை மட்டும், தான் எந்த நிலத்து மரம் என்பதை மறவாமல், பிராகாரத்தில் நிற்கிறது.

என் வேலி மூலையில் தப்பிய அடம்பை நான் மறுபடியும் வாசல் முழுவதும் படரவிட்டேன். மூன்றாம் வருஷம் அதன் பின்னால் தாழை வைத்தேன். தாழை ஆளுயரம் வந்தபின் அதன் மறைவில் ஒரு புன்னைக் கொட்டையைப் புதைத்தேன். மரம் இப்போது என் மார்பளவு இருக்கிறது. அதன் நிழலில் உட்காரும் பாக்கியம் எனக்கு வாய்க்குமோ என்னவோ. ஆனால் கானல் என்ற சொல்லின் அர்த்தம் இந்த வீட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு நிழலாகவே தெரிந்துவிடும்.