கனரக மின்சார லாரிகள்: சந்தைக்கு வருவதில் ஏன் இத்தனை தடைகள்?

கனடாவின் மொன்றியல் நகரில் உள்ள நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியை ஊடறுத்துச் செல்கிறது டெக்காரி விரைவுச்சாலை. அதன் தென்விளிம்பை ஒட்டி அமைந்துள்ள டுர்கோ சாலைச் சந்திப்பை நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் வாகனங்கள் கடக்கின்றன. சரக்கு ஏற்றிச் செல்லும் டீசல் லாரிகளும் அவற்றில் அடங்கும். தமிழர்கள் கணிசமாக வாழும் கோத்-தெ-நேஜ் பகுதியும் இதே நகர்ப் பிரிவிலேயே உள்ளது.

இந்த லாரிகள் மின்சாரத்தில் இயங்கினால் புகையும் இரைச்சலும் வெகுவாகக் குறையும். கியூபெக் மாகாணத்தின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீர்மின் நிலையங்களிலிருந்து கிடைப்பது, விலையும் குறைவு. ஆகவே கனரக மின்சார லாரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று பலரும் கருதினர். ஆனால், அந்த மாகாணத்தின் லயன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் அனுபவம் வேறு விதமாக அமைந்தது.

எழுச்சியும் வீழ்ச்சியும்

மொன்றியலுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஜெரோம் நகரில் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், முதலில் பள்ளிப் பேருந்துகளைத் தயாரித்தது. பின்னர் மின்சாரப் பேருந்துகளுக்கு மாறிய அது, 2019இல் லயன்-8 என்ற கனரக மின்சார லாரியை அறிமுகப்படுத்தியது.

2021 மே மாதத்தில் நிறுவனத்தின் பங்குகள் நியூயார்க், டொரண்டோ பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்டன. அமேசான் நிறுவனம் 2,500 லாரிகள் வரை வாங்கக்கூடும் என்ற ஏற்பாடு முதலீட்டாளர்களை ஈர்த்தது. எனினும் அத்தனை லாரிகளையும் வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ஆண்டுக்கு 20,000 வாகனங்கள் தயாரிக்கும் திறனை இலக்காகக் கொண்டு அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையும், கியூபெக்கின் மிராபெல்லில் மின்கல ஆலையும் அமைக்கப்பட்டன. எதிர்பார்த்த அளவுக்கு வாகனங்கள் விற்கவில்லை.

2024 டிசம்பரில் நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. மேற்கொண்டு முதலீடு செய்ய 2025இல் கியூபெக் அரசு மறுத்துவிட்டது. பின்னர் அதை வாங்கிய உள்ளூர் முதலீட்டாளர்கள், கியூபெக்கில் மின்சாரப் பள்ளிப் பேருந்துகளை மட்டும் தயாரிக்க முடிவு செய்தனர். லாரிகள் கைவிடப்பட்டன.

எடையும் நேரமும்

இயங்கக்கூடிய ஒரு மின்சார லாரியைத் தயாரிப்பது இன்று இயலாத காரியமல்ல. அதை வாங்குபவர் அதனால் லாபம் ஈட்ட முடியுமா என்பதே சிக்கல்.

முழுச்சுமையுடன் செல்லும் ஒரு கனரக லாரிக்குக் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கும் அதிகமான மின்சாரம் தேவை. 500 கிலோமீட்டர் செல்ல 600 யூனிட் அளவுக்குச் சேமிக்க வேண்டுமானால், மின்கலத் தொகுதியின் எடையே சுமார் 4 டன்னை எட்டும். அதே தூரத்துக்குத் தேவையான டீசலின் எடை 200 கிலோவைத் தாண்டாது. சாலையில் அனுமதிக்கப்படும் மொத்த எடைக்கு வரம்பு இருப்பதால், மின்கலத்தின் எடை கூடக்கூட ஏற்றக்கூடிய சரக்கு குறைகிறது. மொன்றியலின் கடுங்குளிரில் மின்கலத்தின் திறன் குறைவதால், ஓடக்கூடிய தூரமும் சுருங்குகிறது.

விலையோ டீசல் லாரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மிகக் குறைந்த லாபத்தில் இயங்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்கு இது பெரும் சுமை. கனடிய மத்திய அரசு 2022இல் அறிவித்த மானியம், வாகனத்தைப் பொறுத்து 2 லட்சம் டாலர் வரை வழங்க வகை செய்தது. ஆனால் வாகனத்துக்கு மானியம் கிடைத்தாலும், மின்னேற்றும் வசதி தானாக வந்துவிடுவதில்லை.

350 கிலோவாட் மின்னேற்றிகள் பதினைந்தை ஒரே நேரத்தில் இயக்கினால் மின்தேவை 5 மெகாவாட்டைத் தாண்டிவிடும். கியூபெக்கில் 2023இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி, 5 மெகாவாட்டும் அதற்கு மேலுமான புதிய மின் இணைப்புகளுக்கு அமைச்சரின் அனுமதி தேவை. நீர்மின்சாரம் நிறைந்த மாகாணத்திலும் மின்சாரம் இனி வரம்பற்றதல்ல.

பேருந்து தரும் பாடம்

லயனின் பேருந்துகள் தொடர்வதற்கும் லாரிகள் நின்றுபோனதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. பள்ளிப் பேருந்தின் தடம் குறுகியது, மாறாதது. பகலிலும் இரவிலும் அது நீண்ட நேரம் நிறுத்தப்பட்டிருக்கும். 2030க்குள் பள்ளிப் பேருந்துகளில் 65 விழுக்காட்டை மின்மயமாக்குவது கியூபெக் அரசின் இலக்கு என்பதால், வாங்குபவரும் உறுதி. அப்படியிருந்தும், பேருந்துகளுக்கான மத்திய அரசின் மானியம் தாமதமானது தனது நெருக்கடிக்கு ஒரு காரணம் என்று நிறுவனம் கூறியிருந்தது. நெடுந்தூர லாரிக்கு இந்தச் சாதகங்கள் எதுவும் இல்லை.

இந்த நிலை லயனுக்கு மட்டும் உரியதல்ல. சுவீடனின் வோல்டா டிரக்ஸ் 2023இலும், அமெரிக்காவின் நிகோலா 2025இலும் திவால் நடவடிக்கைகளுக்குள் சென்றன. மறுபுறம், சீனாவில் மின்சார லாரிகளின் விற்பனை வேகமாக வளர்ந்துள்ளது. அங்கு மின்கலம் மலிவு. தீர்ந்த மின்கலத்தைக் கழற்றி மாற்றும் நிலையங்களும் உண்டு.

இந்தியா 2025 ஜூலையில், ஒரு மின்சார லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை வழங்கும் விதிமுறைகளை வெளியிட்டது. துறைமுகம், சிமென்ட், உருக்குத் தொழில்கள் அதில் முக்கிய பயனாளிகளாகக் கருதப்படுகின்றன. ஓரளவு நிலையான தடங்களில் லாரிகள் ஓடும் தொழில்கள் இவை. கியூபெக்கின் அனுபவத்தோடு ஒப்பிட்டால், இது பொருத்தமான தொடக்கமாகவே தோன்றுகிறது. ஆனால் டெக்காரி போன்ற நெடுஞ்சாலைகளில் ஓடும் தொலைதூர லாரிகள் மாறவேண்டுமானால், வாகனம், மின்னேற்றும் வசதி, மானியம் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் வந்து சேரவேண்டும்.