மிதக்கும் புள்ளி எண்ணும் அதன் சுட்டியும்

பாடசாலையில் மடக்கை அட்டவணை கொண்டு கணக்குச் செய்தோர் சிறப்பியல்பு, தசமக்கூட்டு என்னும் இரண்டையும் மறந்திரார். எண்ணின் பருமையை முன்னது கூறும். அதன் இலக்கங்களைப் பின்னது தரும். கணினியும் எண்ணை இவ்வாறே இரு கூறாக்கி வைக்கின்றது. 10 என்பதை 0.625 × 2⁴ என எழுதினால் 0.625 பின்னம், 4 சுட்டி. சுட்டி மாறப் புள்ளியும் இடம்பெயர்வதால் இதனை மிதக்கும் புள்ளி எண் என்பர். வர்க்கமூலம் காண்பதற்குச் சுட்டியைப் பாதியாக்குதல் நல்ல தொடக்கம். ஆதலின் சுட்டியைத் தனியே பிரித்தெடுக்கும் தேவை பெரிது. அத்தொழில் எளிதாகிய வரலாற்றையே நாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

1941ஆம் ஆண்டு பேர்லினில் கொன்ராட் சூசே அமைத்த இசெட் 3 என்னும் பொறி, ஓர் எண்ணை 22 துவித இலக்கங்களில் வைத்தது. குறிக்கு 1, சுட்டிக்கு 7, பின்னத்துக்கு 14. போர்க்காலக் குண்டுவீச்சில் 1943இல் அப்பொறி அழிந்தது; அக்கருத்து அழியவில்லை.

பின்னர் வந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் வழியே சென்றனர். 1954இல் வெளிவந்த ஐ.பி.எம். 704, சுட்டியுடன் 128ஐக் கூட்டி வைத்தது. 10இன் சுட்டி அங்கே 132. அதே நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம் 360, இரண்டை விடுத்துப் பதினாறை அடியாகக் கொண்டு, சுட்டியுடன் 64ஐக் கூட்டியது. அங்கே 10இன் சுட்டி 65. ஒரு பொறியின் இலக்கங்களை அறுத்துப் பார்க்க எழுதிய நிரல் மற்றப் பொறியில் பொய் கூறிற்று.

இத்தொல்லைக்கு இரு மருந்துகள் பிறந்தன. ஒன்று, பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி ஆக்கிய சீ மொழியின் ‘பிறெக்ஸ்ப்’ என்னும் சார்பு. பொறி எதுவாயினும் 10ஐக் கொடுத்தால் 0.625ஐயும் 4ஐயும் அது பிரித்துத் தரும். 1989ஆம் ஆண்டின் சீ நியமம் இதனை உறுதிப்படுத்தியது.

மற்றையது பொது ஒழுங்கு. 1977இல் கூடத் தொடங்கிய குழுவில் பேராசிரியர் வில்லியம் ககான் முன்னின்று உழைத்தார். மிகச் சிறிய எண்கள் திடீரெனப் பூச்சியமாதல் தகுமா, படிப்படியாகத் தேய்தல் தகுமா என்று நெடுநாள் வாதம் நிகழ்ந்தது. திடீரென மறைந்தால், சமமற்ற இரு எண்களின் வித்தியாசமும் பூச்சியமாகிவிடுமன்றோ? தேய்தலே வென்றது. 1985இல் ஐ.ஈ.ஈ.ஈ. 754 நியமம் பிறந்தது. அதன்படி 32 இலக்க எண்ணில் சுட்டிக்கு 8 இலக்கம், கூட்டுவது 127. 10ஐ 1.25 × 2³ எனக் கொள்வதால் அங்கே நிற்பது 130.

இனி இலக்கங்களை நாமே அறுத்து 127ஐக் கழித்தாற் போதாதா? போதாது. தேய்ந்த எண்களில் சுட்டியிடம் முழுதும் பூச்சியம். யாவற்றினும் சிறிய எண் 2இன் -149ஆம் அடுக்கு. அறுத்துக் கழிப்பவர் காண்பதோ -127. பிறெக்ஸ்ப் அங்கும் பிழையாது. 1999ஆம் ஆண்டின் நியமம் சேர்த்த ‘ஐலொக்பீ’ 10க்கு 3 என விடை தரும். பின்னத்தை ஒன்றுக்கு மேல் வைத்து எண்ணுவதே காரணம். இரண்டையும் மயங்கிக் கொள்ளலாகாது.

தனித்தனியே கெட்டிக்காரர் பலர் செய்த பொறிகள் ஒன்றையொன்று அறியாது நின்றன. அவர்கள் கூடியிருந்து, வாதிட்டு, விட்டுக்கொடுத்து உடன்பட்ட பின்னரே ஓர் எண் எங்கும் ஓரெண்ணாயிற்று. கணக்கில் மட்டுமோ இப்பாடம்? இளைஞர் சிந்திப்பாராக.