சொப்பனமும் சோதனையும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சொப்பனத்துக்குப் பலன் கூறுவோர் எக்காலத்தும் குறைந்தாரில்லை. பாம்பைக் கண்டால் இன்ன எண், பிணத்தைக் கண்டால் இன்ன எண் என்று பொழுது விடியுமுன் கணக்கிட்டு, பெரட்டுக் களத்திலேயே அதனைப் பிறர்க்கும் பகர்ந்து, மாலையில் சிரம்பானுக்கோ பகாவுக்கோ விரைந்து நாலு நம்பர் எடுக்கும் நம்மவர் எத்துணை பேர் என்பதை நாம் எழுதித்தான் அறிய வேண்டுவதில்லை. இதனால் விளையும் நட்டம் சில வெள்ளிகளோடு போம். நாம் ஈண்டு எழுதப் புகுந்தது இதனினும் பெரியதொரு கணக்கைப் பற்றியது.

சென்ற ஆண்டில் ஒருநாள், பால்மரம் வெட்டி முதுமையெய்தி, தோட்டத்தை விட்டு மலிவுவிலை வீட்டிற் குடியேறிய கிறிஸ்தவ மூதாட்டி ஒருவர் நமது ஆபீசுக்கு வந்தார். கணவனார் இறந்தபின் கைக்கு வந்த சேமநிதிப் பணம் பாங்கியிற் கிடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆதலின், பணம் எடுக்குஞ் சீட்டை எழுதுவித்துக்கொள்ள வந்தார். தொகை யாதெனக் கேட்டோம். பாதிப் பணம் என்றார். ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவர், கர்த்தர் தமக்குச் சொப்பனத்தில் தோன்றி, "அந்த விதவையின் பணத்தில் பாதி என் ஊழியத்துக்கு உரியது" என்று சொன்னதாகக் கூறிப் போந்தாராம். சொல்லிவிட்டு அம்மூதாட்டி நம்மை நோக்கி, "கிராணி ஐயா, இது ஆண்டவரு சொன்னதுதானுங்களா?" என்று வினவினார். நாம் எழுதுகோலைக் கீழே வைத்தோம். அடுத்த வாரம் வருமாறு கூறியனுப்பிவிட்டு, இக்கேள்வியைக் கிறிஸ்தவர்கள் இதற்குமுன் எங்ஙனம் தீர்த்துக்கொண்டனர் என்று நூல்களைப் புரட்டலானோம்.

சொப்பனமெல்லாம் வெறும் வயிற்றுக் கோளாறு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் பகுத்தறிவாளர்க்கு எளிது. ஆயின் அது அம்மூதாட்டிக்கு விடையாகாது. அவர் மறையோ சொப்பனங்களை மறுக்கவில்லை. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முதலிரண்டு அதிகாரங்களில் மட்டும் ஐந்து சொப்பனங்கள் உள. அவற்றுள் நான்கு யோசேப்புக்கு வந்தவை. ஒன்று கீழ்த்திசைச் சாஸ்திரிகளுக்கு வந்தது. அதே வேதாகமத்தில்தான் சொப்பனக்காரரைப் பற்றிய கடுமையான எச்சரிக்கைகளும் உள. எரேமியா தீர்க்கதரிசி, தம் உள்ளத்தின் வஞ்சகத்தையே சொப்பனமென விற்பாரைச் சாடுகின்றார். தொல்லையின் மிகுதியாற் சொப்பனம் பிறக்கும் என்பது பிரசங்கியின் கருத்து. உபாகமத்தின் 13ஆம் அதிகாரம் இவற்றினும் ஒருபடி மேற்செல்கின்றது. சொப்பனக்காரன் சொன்ன அடையாளம் அவ்வாறே பலித்துவிட்டாலும், அவன் உன்னை வேறு தேவர்களிடம் இழுப்பானாயின் அவனுக்குச் செவி கொடாதே என்பது அதன் கட்டளை. பலித்ததனாலேயே மெய்யாகாது என்னும் இக்கருத்தை நாலு நம்பர் பிரியர்கள் சற்றே ஊன்றி நோக்குவாராக.

யோசேப்புக்கு வந்த சொப்பனங்களில் நாம் குறித்துக்கொண்டது வேறொன்று. அவை யாவும் யோசேப்பையே எழுப்பின. மனைவியை ஏற்றுக்கொள், பிள்ளையை எடுத்துக்கொண்டு இரவோடிரவாய் எகிப்துக்குப் போ, மீண்டும் திரும்பி வா. கண்டவன் எவனோ அவன் தலையிலேயே சுமையும் ஏறியது. அயலான் ஒருவனிடம் சென்று, உனக்காகச் சொப்பனங் கண்டேன், உன் கழுதையைக் கொடு என்று அவன் கேட்டதாக எங்கும் காணோம்.

நிற்க. திருச்சபையின் பழங்காலத்தில் இவ்விஷயத்தை மிகத் தெளிவாக உணர்ந்தவர் ஒரு பண்டிதரல்லர், ஒரு தாயார். அகுஸ்தீனாரின் அன்னையாகிய மோனிக்கம்மாள் 387ஆம் ஆண்டிற் காலமானவர். மகனுக்கு மணம் முடிக்க விழைந்த காலத்து, அதுபற்றிக் கடவுள் சொப்பனத்தில் ஏதேனும் காட்டவேண்டுமென்று அவர் நாடோறும் வேண்டினார். மகனும் அவ்வாறே வேண்டுமாறு கேட்டுக்கொண்டார். சொப்பனங்களும் வந்தன. ஆனால் அவ்வம்மையார் அவற்றை மகனிடஞ் சொல்லுங்கால், இவை என் உள்ளத்தின் பரபரப்பே என்று ஐயமறக் கூறிவிட்டாராம். கடவுள் காட்டுவதற்கும் தம் ஆன்மா தானே கனவு காண்பதற்கும் வேறுபாடு தமக்குத் தெரியுமென்றும், அது ஏதோவொரு சுவையால் விளங்குவது, சொல்லால் விளக்கவியலாதது என்றும் அவர் மொழிந்ததாக அகுஸ்தீனார் தமது வரலாற்றில் எழுதிவைத்தார். மகனின் மணத்தை அவ்வளவு விரும்பியிருந்தும், விரும்பிய சொப்பனம் கைக்கு வந்தும், அதனை வைத்து மகனை அச்சுறுத்தாத நேர்மையை என்னென்பது! நம் தோட்டங்களில் எத்தனை தாய்மார் இங்ஙனம் இருப்பார்?

அவர் காலத்தவரான எரோணிமுஸ் என்னும் பெரும் புலவரின் கதை சற்று நகைப்புக்குரியது. நோயுற்றுக் கிடந்தபோது, இறைவனின் நியாயசனத்தின் முன் நிறுத்தப்பட்டு, நீ கிறிஸ்தவனல்லன், சிசரோவின் அடியான் என்று கண்டிக்கப்பட்டுச் சவுக்கடியும் பட்டதாகச் சொப்பனங் கண்டார். புறச்சமய நூல்களை இனித் தொடேன் என்று அச்சொப்பனத்திலேயே ஆணையிட்டார். 384ஆம் ஆண்டளவில் ஒரு கன்னிகைக்கு எழுதிய கடிதத்தில் இதனைப் பெரிதும் உருக்கமாக வரைந்தார். பிற்காலத்தில், பழைய நண்பரும் அந்நாள் பகைவருமான ருஃபீனுஸ், ஆணையிட்டுவிட்டு அந்நூல்களிலிருந்தே எடுத்தாள்கின்றீரே எனக் குற்றஞ்சாட்டியபோது, சொப்பனத்தில் இட்ட ஆணைக்கு விழித்தவன் கட்டுப்பட வேண்டுமோ என்று திருப்பிக் கேட்டார். பிறர்க்கு உபதேசிக்கச் சொப்பனம் உதவிற்று. தம்மைக் கட்டவந்தபோது வெறுங் கனவாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவாம். பதினெட்டாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில், தென் திருவிதாங்கூரில் நாகர்கோவிலை அடுத்த மயிலாடியில் மகாராசன் என்னும் உழவர் வாழ்ந்தார். தீண்டத்தகாதாரென ஒதுக்கப்பட்ட சாம்பவர் குலத்தினர். மெய்ப்பொருளை நாடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்றார். ஆங்கு மனநிறைவு காணாது உறங்கியவர்க்கு, வெள்ளாடை தரித்த ஓர் உருவம் சொப்பனத்தில் தோன்றி, இங்கு நிற்காதே, திரும்பிப் போ என்று ஏவியதாகச் செவிவழி வரலாறு கூறும். திரும்பும் வழியில் தஞ்சையிலிருந்த உறவினரைக் கண்டார். அங்குள்ள கோயிலிற் கோல்ஹாஃப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார்.

சிதம்பரம் என்றவுடன் நந்தனார் நினைவு வாராத தமிழர் யார்? அவர் கதையிலும் சொப்பனம் உண்டு. இறைவன் அவர் கனவில் தோன்றித் தீயில் மூழ்கி வா என்றானென்றும், தில்லை அந்தணர்க்கும் தோன்றித் தீயமைக்கச் சொன்னானென்றும் பெரிய புராணம் இயம்பும். தீயில் இறங்கியவர் நந்தனார். அமைத்துக் கொடுத்தவர் அந்தணர். ஒருவன் வேகும்படி மற்றொருவன் கண்ட கனவை எவ்வாறு சோதிப்பதென்று அந்நாளில் எவரும் கேட்டிலர் போலும். மகாராசன் கண்ட கனவோ எவரையும் நெருப்பில் இறக்கவில்லை. அவர் காலையே நடக்க வைத்தது.

கனவு கண்டதனால் மட்டும் அவர் கிறிஸ்தவராகிவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. கேட்டார், கற்றார், பின்னரே முழுக்குப் பெற்றார். ஊர் திரும்பியதும் உறவினர் பகையையும் ஊராரின் இடுக்கணையும் பொறுத்தார். அவரது வேண்டுகோளின் பயனாய் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் 1806ஆம் ஆண்டில் மயிலாடிக்கு வந்தார். 1809இல் ஆங்கோர் ஆலயம் எழுந்தது. உலக நலங் கருதிச் சேர வருவார் பலர் என்று ஓயாது குறைகூறிய அந்த ஜெர்மானியர், 1816இல் ஊரைவிட்டு நீங்குங்கால் சபைகளை வேதமாணிக்கத்தின் பொறுப்பிலேயே ஒப்புவித்துச் சென்றார். பத்தாண்டு பழகிப் பார்த்தபின் கொடுத்த நற்சாட்சி அஃது. நீங்கிய ஐயர் கடல் கடந்து நமது அண்டை நாடாகிய மலாக்காவரை வந்தார் என்று அறிகிறோம். அதற்குப்பின் அவர் கதி ஒருவர்க்கும் தெரிந்திலது.

அரை நூற்றாண்டு கழிந்தபின் திருநெல்வேலிச் சீமையில் மற்றொரு நிகழ்ச்சி. இரேனியுஸ் ஐயரிடம் பயின்று, குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேய பக்தரைப் பின்பற்றிச் சம்பளம் பெறாது ஊழியஞ் செய்த அருளப்பர் என்பார், 1840இல் வத்திராயிருப்பை அடுத்துக் கிறிஸ்தியான்பேட்டை என்னுங் குடியிருப்பை அமைத்தார். ஆங்கு 1860ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓர் எழுப்புதல் மூண்டது. மக்கள் உடல் நடுங்கினர், மார்பில் அறைந்துகொண்டனர், தரிசனங் கண்டோமென்றனர், தீர்க்கதரிசனம் உரைத்தனர். வெள்ளைக்காரப் பாதிரிமாரிற் சிலர் முகஞ்சுளித்தனர், சிலர் வியந்தனர். நடுக்கத்தைக் கண்டு நாம் வியக்கவில்லை. அஃது எந்தத் தீமிதியிலும் காணக்கிடைப்பதே. தம் பாவங்களைப் பலரறிய அறிக்கையிட்டனரே, அதுதான் கருதற்பாலது. பிறர் பாவத்தைச் சொப்பனத்திற் கண்டு சொல்வது எளிது.

இவ்வெழுப்புதலின் அலை திருவிதாங்கூரின் வடபகுதியைச் சென்று தாக்கியபோது, அதன் முன்னணியில் நின்றவரும் ஒரு தமிழரே. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835இற் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு கிறிஸ்தவராகி, சர்ச்சு மிஷன் சங்கத்தின் குருவாய் விளங்கிய யுஸ்துஸ் யோசேப்பு என்பவர் அவர். வித்துவான் குட்டி என்று மக்கள் அன்போடு அழைத்தனர். 1873இல் அவரைச் சூழ்ந்து பெரும் எழுச்சி உண்டாயிற்று. தொடக்கத்தில் மிஷன் துரைமார் மகிழ்ந்தனர். 1875இலோ கூட்டத்தில் ஒருவர் ஆவியின் ஏவல் என்று சொல்லி, இன்னும் ஆறாண்டில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று காலமே குறித்துவிட்டார். யோசேப்பும் அவர்தம் சகோதரரும் அதனை ஏற்றனர், சங்கத்தினின்றும் பிரிந்தனர். அவர்கட்கு ஆறாண்டுக் கட்சியார் என்றே பெயர் வழங்கலாயிற்று.

இங்கேதான் நமக்கு நெஞ்சு கனக்கின்றது. அவர்கள் வஞ்சகரல்லர். யோசேப்பு கல்வியறிவு மிக்கவர். சாதியுயர்வைத் துறந்து வந்தவர். நாளும் நாழிகையும் மனிதர்க்குத் தெரியா என்று சுவிசேஷமே கூறுவதை அவர் படியாதவருமல்லர். எனினும் கூட்டத்தின் நடுவே, கண்ணீரும் பாட்டும் பெருகும் இரவில், பக்கத்திலிருப்பவன் கண்டதைச் சோதிக்க வேண்டுமென்று எழுந்து சொல்லும் துணிவு அப்படிப்பட்டவர்க்கும் வாய்க்கவில்லை. மோனிக்கம்மாள் தனியாய் இருந்து சுவைத்துப் பார்த்தார். இவர்கள் கூடியிருந்து விழுங்கினர். 1881ஆம் ஆண்டு வந்தது, சென்றது. வானம் திறந்திலது. சிலர் பழைய சபைகட்குத் திரும்பினர். யோசேப்போ தவறினேம் என்று சொல்லி அமையாது, பல சமயங்களையும் ஒன்றாய்க் கலந்த யுயோமயம் என்னும் புதுமதத்தை நிறுவி, 1887இல் மறைந்தார். அவர் இயற்றிய கீர்த்தனைகளை மட்டும், அவர் கொள்கையை மறுத்த சபையாரும் இன்றளவும் மலையாள நாட்டுக் கோயில்களிற் பாடி வருகின்றனர்.

குறித்த வாரத்தில் மூதாட்டி வந்தார். மகாராசன் கதையையும் மோனிக்கம்மாள் கதையையும் நம்மால் இயன்றவாறு எளிய மொழியிற் சொன்னோம். ஆறாண்டுக் கட்சியின் கதையைச் சொல்ல மனம் வரவில்லை, சொல்லவுமில்லை. ஜெபக்காரரைப் பற்றியும் ஒரு சொல் மொழிந்தோமில்லை. "ருசியாலயா தெரிஞ்சுக்கிட்டாங்க அந்தம்மா?" என்று கேட்டு, பல்லில்லா வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசாதிருந்து, "எனக்கும் நெதம் சொப்பனம் வருதுங்க ஐயா. எங்க வீட்டுக்காரரு வந்து அடுப்படி ஒழுகுதுன்னு சொல்றாரு" என்றார்.

அது கடவுளிடமிருந்து வந்ததா என்று நாம் கேட்கவில்லை. மழைக்கு அடுப்படி ஒழுகுவது மெய்யாயிருந்தது. சாய்ப்புக்குத் தகரம் வாங்க வேண்டிய தொகையை மட்டும் சீட்டில் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம், பெருவிரல் நாட்டி வாங்கிச் சென்றார்.