தந்தூர் கட்டிய கைகள்

பட்டர் சிக்கனை முதலில் சமைத்தவர் யார் என்ற ஓட்டல்காரர்களின் வழக்கு 2024இல் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. தந்தூர் என்னும் மண் அடுப்பைப் பற்றி எழுதுபவர்களும் பெரும்பாலும் ஓட்டல்காரர்களின் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது நெடுநாள் மனத்தாங்கல். பஞ்சாபில் அந்த அடுப்பைக் கட்டியவர்களும் அதில் ரொட்டி சுட்டவர்களும் பெண்கள்.

ராஜஸ்தானின் காளிபங்கனில் பி.பி.லாலும் பி.கே.தாப்பரும் 1960களில் அகழ்ந்தபோது, ஹரப்பா நகரத்துக்கு முந்தைய குடியிருப்பு அடுக்கிலேயே தந்தூரை ஒத்த அடுப்புகள் கிடைத்தன. சில தரைக்குள் இறக்கியவை, சில தரைக்கு மேல் எழுப்பியவை. சுவரில் அவ்வப்போது மண் பூசிப் புதுப்பித்த தடயமும் இருந்தது. அந்தப் பூச்சைப் பற்றிப் படித்ததும் எனக்கு பீஜியின் ஞாபகம்தான் வந்தது.

தில்லி லாஜ்பத் நகரில் நாங்கள் குடியிருந்த பர்சாத்தியின், அதாவது மொட்டைமாடி அறையின், வீட்டுக்காரம்மாள் அவர். பிரிவினையில் லயல்பூரை விட்டு வந்தவர். தெருவுக்கே பீஜி. பின்புறத் திறந்தவெளியில் அவர் தந்தூர் கட்டியதைக் கூடவே இருந்து பார்த்தேன். களிமண்ணை ஊறவைத்து, பொடியாக நறுக்கிய கோதுமை வைக்கோலும் ஆட்டு மயிரும் சேர்த்துக் காலால் மிதித்தார். மயிர் இல்லாவிட்டால் காயும்போது வெடிக்குமாம். மண்ணைத் திரி திரியாக உருட்டி, வட்டமாக அடுக்கி, மேலும் கீழும் இழுத்துத் தேய்த்து ஒட்டினார். ஒரு சாண் எழும்பியதும் வேலையை நிறுத்திவிட்டார். அது சற்று இறுகிய பிறகே அடுத்த சுற்று. ஈரத்தின் மேல் ஈரம் ஏற்றினால் சுவர் சரிந்துவிடும். வாய் குறுகல், வயிறு அகலம், அடியில் காற்றுக்கு ஒரு துளை. நன்றாகக் காய்ந்த பிறகு உள்சுவரில் அரைத்த கீரையும் வெல்லமும் கடுகெண்ணெயும் பூசி, சின்னத் தீயாகப் போட்டுப் பழக்கினார்.

தழல் அடங்கிய பிறகுதான் ரொட்டி. சுவரில் நீர் தெளித்துப் பார்த்து, மாவின் ஒரு பக்கத்தை ஈரமாக்கி, கையை உள்ளே விட்டு அறைவார். சூடு போதாவிட்டால் ரொட்டி நழுவிச் சாம்பலில் விழும்.

லயல்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பருத்தி மிளாறுதான் விறகு. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக எரித்தால் கட்டாது என்பதால் தெருவுக்கொரு பொதுத் தந்தூர். பெண்கள் பிசைந்த மாவோடு வந்து கூடுவார்கள். மாமியார் கண்ணில் படாமல் மருமகள்கள் மனம்விட்டுப் பேச அந்த இடம்தான் வாய்த்தது என்பார் பீஜி. அகதிகளோடு இந்தப் பழக்கமும் தில்லிக்கு வந்தது. இங்கே காசு வாங்கிக்கொண்டு சுட்டுத் தரும் தந்தூர்கள் முளைத்தன.

பெஷாவரிலிருந்து வந்த குந்தன் லால் குஜ்ராலும் கூட்டாளிகளும் 1947இல் தர்யாகஞ்சில் மோத்தி மகாலைத் தொடங்கினார்கள். கம்பியில் குத்திய கோழி தந்தூருக்குள் இறங்கி ஊரெங்கும் பேர் வாங்கியது. அவர்கள் உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டலுக்குள் போனதும் தந்தூர் முன் நிற்பது ஆண்களின் வேலையாகிவிட்டது. கோதுமை ரொட்டியை மைதாவில் சுட்ட 'நான்' ஓரங்கட்டியது.

ஒருமுறை பீஜிக்கு ஓட்டலிலிருந்து 'நான்' வாங்கி வந்தேன். ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டுச் சொன்னார்: "மகளே, மெத்தென்றுதான் இருக்கிறது. கோதுமை எங்கே?"