அலைக்கு எதிரே ஓர் ஊர்

தி.மு.க. தேர்தலில் குதிக்கத் திருச்சி மாநாட்டில் முடிவெடுத்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். மறு ஆண்டே, 1957-ல், பொதுத் தேர்தல். சென்னை சட்டமன்றத்தின் 205 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தவை 15. அந்தப் பதினைந்தில் இரண்டு ஒரே தொகுதியிலிருந்து வந்தன. தொகுதியின் பெயர் திருவண்ணாமலை.

கார்த்திகை தீபத்துக்கு ஊரே கொள்ளாத கூட்டம் கூடும் தலம், பெரியார் பாசறையில் வளர்ந்தவர்களைக் கோட்டைக்கு அனுப்பியது. அண்ணாமலையாரைக் கும்பிட்ட கைதான் அந்த ஓட்டையும் போட்டது. இதில் முரண்பாடு எதையும் ஊர்க்காரர்கள் கண்டதாகத் தெரியவில்லை.

ஒரு தொகுதிக்கு எப்படி இரண்டு எம்.எல்.ஏ.? அன்று அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒன்று பொது இடம், மற்றொன்று தாழ்த்தப்பட்டோருக்கான இடம். வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. சீட்டில் முத்திரை குத்தும் முறை அப்போது இங்கே வரவில்லை. மறைவிடத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி, அதன்மேல் அவருடைய சின்னம். இரண்டு சீட்டையும் இரண்டு பெட்டிகளில் போடவேண்டும். இரண்டையும் ஒருவருக்கே போட்டால் ஒன்றுதான் செல்லும். பெட்டிகளைத் திறந்தபோது பொது இடத்தில் ப.உ. சண்முகமும் தனி இடத்தில் எம். சந்தானமும் ஜெயித்திருந்தார்கள். கட்சிக்கு அங்கீகாரம் கிடைக்காத காலம், அதனால் ஆவணத்தில் இருவருமே சுயேச்சைகள்! நாடாளுமன்றத்துக்குப் போன இரண்டே தி.மு.க.வினரில் ஒருவரான இரா. தர்மலிங்கமும் இந்த ஊர்த் தொகுதிக்காரர்தான். மற்றவர், நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத்.

1962-ல் கட்சி 50 இடங்களுக்கு வளர்ந்தது. ஆனால் பழைய பதினைந்து பேரில் மீண்டும் வென்றவர் கருணாநிதி ஒருவரே. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். திருவண்ணாமலையைக் காங்கிரஸின் பழனி பிள்ளை பிடித்தார்.

அந்த இடம் காலியாகி 1963-ல் இடைத்தேர்தல் வந்தது. முதலமைச்சர் நாற்காலியில் காமராஜர். சீனப் போரின் சூடு ஆறவில்லை. பிரிவினைக் கட்சி என்ற வசை தி.மு.க.வைத் துரத்திக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் சண்முகம் ஜெயித்தார். அதே ஆண்டு அக்டோபர் 2-ல், கட்சியைக் கவனிக்கப் போகிறேன் என்று காமராஜர் பதவி விலகினார். திருவண்ணாமலைத் தோல்விதான் அவரை உலுக்கியது என்று சொல்வார்கள். ஒரு தொகுதி மட்டும் அவ்வளவு செய்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதே ஆண்டு வடக்கே இடைத்தேர்தல்களில் கிருபளானியும் லோகியாவும் மசானியும் காங்கிரஸைக் கவிழ்த்திருந்தார்கள். ஆனால் தன் வீட்டு வாசலில் விழுந்த அடி காமராஜருக்கு வலித்திருக்கும்.

அடுத்த திருப்பம்தான் வேடிக்கை. 1967-ல் தமிழகமே தி.மு.க. பக்கம் சாய்ந்தது, விருதுநகரில் காமராஜரே தோற்றார். அந்த அலையில் திருவண்ணாமலை என்ன செய்தது? காங்கிரஸின் டி. விஜயராஜைத் தேர்ந்தெடுத்தது!

சண்முகம் 1971-ல் தொகுதியை மீட்டார். 1977-லும் வென்றார். பின்னர் எம்.ஜி.ஆர். பக்கம் போய், அ.தி.மு.க.வின் பொதுச்செயலாளர் பொறுப்பையும் ஏற்றார். அண்ணாவோடு சட்டமன்றத்துக்குள் முதல் வரிசையாக நுழைந்தவர், எதிர் முகாமின் உச்சிக்குப் போன அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)