கட்டியம் கூறியவன்

அரசன் சபைக்கு எழுந்தருளும்போது அவனுடைய குலத்தையும் கீர்த்தியையும் உரத்த குரலில் அறிவிப்பதற்குக் கட்டியம் என்று பெயர். அவ்வாறு புகழ்வதற்கென்றே நியமிக்கப்பட்ட கட்டியக்காரன், தெருக்கூத்தின் ஆடுகளத்துக்கு வந்தபோது, அதே அரசனை ஊரார் நடுவே நகைப்புக்கு உள்ளாக்கும் ஹாஸ்யக்காரனாகவும் ஆனது, தமிழ் நாடக சரித்திரத்தில் நான் மிகவும் வியந்து போற்றும் விஷயம்.

இக்கூத்து வழங்கும் பகுதிகளுள் ஒன்றும், 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானதுமான கள்ளக்குறிச்சி, அதற்கு முன் விழுப்புரத்தையும், 1993 வரை தென்னார்க்காட்டையும் சேர்ந்திருந்தது. தென்னார்க்காடோ திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்நிலங்களில் ஒன்று. திருவிழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கமும், இரவெல்லாம் கூத்தும், நிறைவில் தீமிதியும் நடக்க, ஆட ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்ட ஜமா என்னும் கூத்துக் குழு, மத்தளத்தையும் முகவீணையையும் அணிப்பெட்டிகளையும் சுமந்து ஊர் ஊராகச் சென்றது.

துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து பாடத் தொடங்கியதும், கட்டியக்காரன் முன்னே வந்து, வருகிறவர் யார், எந்த தேசத்து மன்னர் என்று விசாரிப்பான். கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன அரசன் வெளிப்பட்டுத் தன் பெருமையை விரித்துரைக்கும்போது, அவன் சொல்லும் கம்பீரமான சொல் ஒவ்வொன்றையும் வேறு பொருளில் வாங்கிக்கொண்டு, மழை பொய்த்ததையும் விதைநெல் விலையையும் உள்ளூர் வழக்கையும் அஸ்தினாபுரத்துச் சம்பாஷணைக்குள் நுழைத்துவிடுவான். ஒரே இரவில் காவலன், தூதன், தோழி, புரோகிதன் என்று எத்தனை வேஷமாக வேண்டுமானாலும் அவன் மாறலாம். எழுதிய வசனம் அவனுக்குச் சொற்பமே. சமஸ்கிருத நாடகத்தின் விதூஷகன் அரசனுக்குத் தோழன். இவனோ பாயில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குத் தோழன்.

இந்தத் தோழமையின் அருமை, கள்ளக்குறிச்சிக்கு மேற்கே தெரியும் கல்வராயன் மலையை நினைத்தால் நன்கு விளங்கும். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாக அம்மலை 1976 வரை ஆளப்பட்டது; மலையாளிகள் எனப்படும் அதன் குடிகளுக்கு ஜாகீர்தார் சொல்லே சட்டமாக இருந்தது. மலையில் ஜாகீர்தாரும் சமவெளியில் மிராசுதாரும் அதிகாரம் செலுத்திய காலத்தில், கிரீடம் தரித்த ஒருவனைப் பகிரங்கமாகப் பரிகசிக்கும் உரிமையை அக்கோமாளிக்குக் கூத்துமேடை அளித்தது என்பதை நாம் சிறிதாக எண்ணலாகாது.

ஆனால் அவனும் பிழைக்க வேண்டியவனே. ஆட்டத்தின் நடுவே பணம் தரும் பிரமுகர்களின் பெயரை மேடையில் அறிவித்து வாழ்த்துவது கூத்தின் வழக்கம். அந்த வாழ்த்தில் பழைய கட்டியம் இன்றும் உயிரோடிருக்கிறது. நிறுவனங்களின் ஆண்டு விழாவில், முதலாளியை வாழ்த்திவிட்டு ஊழியர்களைச் சிரிக்க வைக்கும் இன்றைய ஸ்டாண்ட்அப் கலைஞர், இவனை அறியாவிட்டாலும் இவனுடைய தாயாதியே. ஸ்பெஷல் நாடகத்துப் பபூனும், நாடகக் கம்பெனியிலிருந்து திரைக்குச் சென்ற என்.எஸ். கிருஷ்ணனும் அவ்வம்சத்தின் வேறு கிளைகள்.

இம்மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானின் கதையை, கூத்தில் விடியற்காலம் வரை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். களப்பலிக்கு அரவான் விடைபெறும் கட்டத்தில் முகவீணை அழத் தொடங்கும்; அதுவரை ஊரையே சிரிக்க வைத்தவன், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கும் அந்த நேரத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பின்பாட்டுக்காரர்களின் பெஞ்சருகே ஒதுங்கி நிற்பான்.