பொன் போனபின் எஞ்சியவை: கோலார் மேடுகள் குறித்துச் சில செய்திகள்

மண்ணின் இயல்பு நீரில் ஏறும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. வள்ளுவர் அதனைச் சிற்றினம் சேராமை அதிகாரத்தில் உவமையாக்கினார். குற்றால அருவி நீரைப் பாறையும் மூலிகையும் தழுவி வருவதென்று நாம் போற்றுவதும், சிற்றாறு சென்று கலக்கும் பொருநைக்குத் தாமிரபரணி என்னும் பெயரிலேயே செம்பைக் கண்டு மகிழ்வதும் இவ்வெண்ணத்தின்பாற்பட்டனவே. ஆயின் பாறையை மனிதன் தோண்டியெடுத்து, மாவாக அரைத்து, வெட்டவெளியில் கொட்டிவிட்டுப் போனால், அதே நீர் எதனைச் சுமந்து வரும்? இவ்வினாவுக்கு விடை தேடுவார் கோலார் தங்கவயலைக் காண வேண்டும். அங்குள்ள மேடுகள் பெரும்பாலும் தமிழரின் உழைப்பால் எழுந்தவை என்பது நாம் அவற்றை நோக்குவதற்குத் தனிக்காரணம்.

1875இல் மைக்கேல் லவெல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றதும், 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் நிறுவனம் வந்து சேர்ந்ததும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் பலரும் எழுதிய வரலாறு. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற உழைப்பாளர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உழைத்த அவர்களின் ஊரில்தான் சித்தார்த்தா புத்தகசாலை தமிழ் நூல்களை அச்சிட்டது. அயோத்திதாசர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப்பின் அங்கேதான் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் மீண்டும் வெளிவந்தது. நம் இலக்கிய வரலாறுகள் இதற்கு இன்னும் உரிய இடம் அளிக்கவில்லை என்பதைப் போகிறபோக்கிலேனும் சொல்லியாக வேண்டும். செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்த அதே 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் நடுவண் அரசிடம் சென்றன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன.

அந்நூற்றிருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ 800 டன் என்பர். மேடுகளில் கிடக்கும் கழிவு மணலோ ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு சவரன் பொன்னுக்கு 330 கிலோ மணல் ஆகிறது. ஒரு திருமணத்திற்கு இருபது சவரன் போடுகிறோமென்றால், ஆறரை டன்னை எங்கோ ஒருவர் வாசலில் கொட்டியிருக்கிறோம் என்பது பொருள்.

இம்மேடுகளை ஊரார் ‘சயனைடு மேடு’ என்று வழங்குகின்றனர். 1887இல் கிளாஸ்கோவில் கண்டறியப்பட்ட முறைப்படி, அரைத்த தாதுவிலிருந்து பொன்னைக் கரைத்தெடுக்கச் சயனைடு பயன்பட்டமையால் வந்த பெயர் இது. என் கருத்தில் இப்பெயர் நம்மைத் திசைதிருப்புகிறது. சயனைடு கொடிய நஞ்சேயாயினும் காற்றும் வெயிலும் பட்டால் அதன் பெரும்பகுதி சிதைந்து மறையும். இரும்போடு கட்டுண்ட சிறுபகுதியே நீடிக்கும். உலோகத்திற்கோ சிதைவு என்பது இல்லை. ஈயம் ஈயமாகவே இருக்கும். ஆர்செனிக், நம் மருத்துவ நூல்கள் பாடாணம் என்று அஞ்சிக் கையாண்ட பொருளின் மூலம், ஆயிரம் ஆண்டு கழிந்தாலும் ஆர்செனிக்கே. இடமும் வடிவமும் மட்டுமே மாறும்.

அம்மாற்றம் நிகழும் விதம் அறியத்தக்கது. பூமியின் ஆழத்தில் இவ்வுலோகங்கள் கந்தகத்தோடு பிணைந்து, காற்றுப்படாமல் உறங்குகின்றன. தாது மாவாகும்போது அதன் பரப்பு பன்மடங்காகிறது. மழைநீரும் உயிர்வளியும் தீண்டியதும் கந்தகம் கந்தக அமிலமாகிறது. சில நுண்ணுயிர்கள் இதனை மேலும் விரைவுபடுத்துகின்றன. அமிலநீரில் செம்பும் துத்தநாகமும் காட்மியமும் கரைந்து நெடுந்தொலைவு செல்லும். ஈயம் அவ்வளவு எளிதில் கரைவதில்லை. தூசியேறிப் பயணம் செய்யும். ஆர்செனிக்கின் போக்கு இவற்றிற்கு மாறானது. அமிலம் மிகுந்த இடத்தில் இரும்புத்துருவோடு ஒட்டிக்கொண்டு அடங்கியிருப்பது, நீர் காரத்தன்மை அடைந்தால் விடுபட்டுவிடும். காற்றில்லாச் சேற்றில் அத்துரு கரைந்தாலும் அவ்வாறே. ஆகவே சுண்ணாம்பிட்டு அமிலத்தை முறித்துவிட்டால் போதும் என்பது அரைகுறை மருத்துவம்: ஒரு நஞ்சைக் கட்டுவது மற்றொன்றை அவிழ்த்துவிடக் கூடும். பொன் எடுக்கும்போதே சுண்ணாம்பு சேர்க்கப்படுவதால் கோலார் மணலில் இவ்விரு போக்குகளுக்கும் இடமுண்டு. அங்குள்ள தாது நரம்புகள் சிலவற்றில் ஆர்செனிக் கலந்த கந்தகத் தாது இருப்பது நில இயலார் அறிந்ததே.

1556இல் வெளிவந்த தம் நூலில் அக்ரிகோலா, தாது கழுவிய நீர் ஓடைகளில் மீன்களைக் கொல்வதாகச் சுரங்க எதிர்ப்பாளர் கூறிய குறையைப் பதிவு செய்துள்ளார். ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆறு, ஐயாயிரம் ஆண்டாகச் சுரங்கம் கண்ட நிலத்தில் இன்றும் செந்நிற அமிலமாக ஓடுகிறது. சுரங்கத்தை மூடுவதால் மட்டும் இவ்வேதிவினை நிற்பதில்லை என்பதற்கு இது சான்று. கோலாரில் பணி நடந்தவரை இயந்திரங்கள் நீரை இறைத்துக்கொண்டிருந்தன. மூடியபின் குழிகளில் நீர் ஏறியது. மேலே மேடுகள் திறந்தே கிடந்தன. கோடைக்காற்றில் வெண்தூசி குடியிருப்புகளின்மீது படிகிறது. வேலையிழந்தும் அவ்வூரை விட்டு அகலாத குடும்பங்களே அதனைச் சுவாசிக்கின்றன. அம்மேடுகளின் வெறுமை திரைப்படத்தாருக்கு அழகாகத் தோன்றியது; 2018இல் வெளிவந்த கே.ஜி.எஃப். அங்கே படமாக்கப்பட்டதை இளைய தலைமுறை அறியும்.

2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை, 13 மேடுகளையும் மீண்டும் கலைத்துப் பொன்னெடுக்கும் நடுவண் அரசின் திட்டத்திற்கு இசைவளித்தது. ஒரு டன்னுக்கு ஒரு கிராம் அளவில் பொன் தேறும் என்பது எதிர்பார்ப்பு. அதன்பின் எஞ்சுவது ஒரு கிராம் குறைந்த ஒரு டன் மணல். புதிதாக அரைக்கப்பட்டுப் புதிதாகக் காற்றுப்பட்ட மணல். அது எங்கே கொட்டப்படும், அடியில் நீர் இறங்காத தளம் இடப்படுமா, மேலே மண்ணும் புல்லும் போர்த்தப்படுமா என்பவை, முதல் மேடு கலைக்கப்படுவதற்கு முன்னரே அவ்வூர் மக்களுக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டியவை.